எட்டு மெஷின், ஒரு நோட்டு: டெர்மினலும் ஸ்கிரிப்டும் கற்க வழி சொல்லுங்கள்

கொக்கிரகுளம் தட்டச்சு · ஞாயிறு, இரவு 9.10

கொக்கிரகுளத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். ஒரு பக்கம் டைப்ரைட்டர், எதிர்ப்பக்கம் எட்டு கம்ப்யூட்டர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு கடைக்குள்ளேயே வந்துவிட்டது, இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு டைப்ரைட்டரை எல்லாம் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் போட்டு ஓட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றுகூட எழும்பவில்லை.

அப்புறம் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் எட்டு டெஸ்க்டாப் வாங்கிப் போட்டேன். எல்லாம் ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அக்கா மகன் வந்து ஒரு மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தான். அதில் தமிழ் கீபோர்டு, எழுத்துரு, மாணவர் கணக்கு, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க எனக்கு ஒரு நாள் பூராவும் ஆனது. இன்னும் ஏழு பாக்கி.

"சித்தி, இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டா எழுதி வச்சா தானா நடக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் பெங்களூர் போய்விட்டான். கமாண்ட் தட்டுகிற கறுப்புத் திரையான டெர்மினலில் எனக்கு சிடி, எல்எஸ் என்ற இரண்டு கமாண்ட் தவிர எதுவும் தெரியாது. எங்கே தொடங்குவது?

ஃபோனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன். கமாண்டை எல்லாம் காதில் விழுகிறபடிதான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டை ஹார்டுவேர் · ஞாயிறு, இரவு 9.31

டீச்சர், இதுக்கு எதுக்கு ஸ்கிரிப்ட்? சரியா வேலை செய்யுற ஒரு மெஷினோட டிஸ்கை குளோன் எடுத்து மத்த ஏழுலயும் இறக்கிவிட்டா ஒரே சாயந்தரத்துல முடிஞ்சுது. 20 வருசமா இதைத்தான் செய்யுதேன். கறுப்புத் திரையில தட்டுறது படம் காட்டத்தான் நல்லா இருக்கும்.

மறுகால்குறிச்சியான் · ஞாயிறு, இரவு 10.20

அண்ணாச்சி சொல்வது தப்பில்லை, எட்டு மெஷினும் ஒரே மாடல் என்றால் குளோன் வேகமான வழிதான். ஆனால் லினக்ஸில் குளோன் எடுக்கும்போது மெஷின் ஐடி என்ற அடையாள எண்ணும் சேர்ந்தே போய்விடும். எட்டுக்கும் ஒரே எண். சில அமைப்புகளில் நெட்வொர்க் முகவரி கேட்கும்போது இந்த எண்ணிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைத்தான் கொடுக்கும். ரவுட்டர் இரண்டு மெஷினையும் ஒன்று என்று நினைத்து ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து எட்டு வீட்டுக்குக் கொடுத்த கதை. குளோன் எடுத்தால் அந்த எண்ணை அழித்துப் புதிதாக உண்டாக்க வேண்டும், ஹோஸ்ட் பெயரையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, ஆறு மாதம் கழித்து "இந்த மெஷினில் என்னவெல்லாம் செய்தோம்?" என்று கேட்டால் குளோன் பதில் சொல்லாது. ஸ்கிரிப்டைத் திறந்து படித்தால் தெரிந்துவிடும். டீச்சர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதானே கேட்கிறார்.

டீச்சர், முதல் மெஷினில் என்னென்ன செய்தீர்கள் என்று எங்காவது எழுதி வைத்தீர்களா?

கொக்கிரகுளம் தட்டச்சு · ஞாயிறு, இரவு 10.34

இல்லை. அங்கங்கே கிளிக் செய்தேன். இப்போது கேட்டால் பாதி ஞாபகம் இல்லை.

மறுகால்குறிச்சியான் · ஞாயிறு, இரவு 11.02

அப்படியானால் இன்று ஸ்கிரிப்ட் பேச்சே வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள், சும்மா 40 பக்க நோட்டு போதும்.

இரண்டாம் மெஷினில் மின்டை ஏற்றியதும் முடிந்தவரை மௌஸைத் தொடாதீர்கள். செய்ய வேண்டியதை எல்லாம் டெர்மினலில் தட்டிச் செய்யுங்கள். வேலை செய்த வரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அது எதற்கு என்று தமிழில் அரை வரி. தப்பாகத் தட்டியதை எழுத வேண்டாம். மறந்துவிட்டால் ஹிஸ்டரி என்று தட்டினால் இதுவரை தட்டியதெல்லாம் வரிசையாக வரும். மூன்றாம் மெஷினில் அந்த நோட்டைப் பார்த்து மறுபடி கையால் தட்டுங்கள். எங்கே விட்டுப்போனது என்று அப்போது தெரியும். நாலாவதில்தான் ஸ்கிரிப்ட்.

எங்கள் பக்கம் ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து எடுத்து நேரே ஓட்டிவிட்டு "அண்ணே ஓடல" என்று கூப்பிடுகிற பையன்கள் அதிகம். கையால் மூன்று தடவை செய்யாத வேலையை ஸ்கிரிப்டாக எழுதக்கூடாது என்பது என் கட்சி. எது எங்கே உதைக்கும் என்று கைக்குத்தான் தெரியும்.

தொடக்கத்துக்கு டேப் கீ ஒன்று போதும். ஃபைல் பெயரில் நாலு எழுத்து தட்டி டேப் அடித்தால் மிச்சத்தை அதுவே நிரப்பும். நிரப்பவில்லை என்றால் நீங்கள் தட்டியதில் தப்பு, அல்லது அதே போலத் தொடங்கும் பெயர் இரண்டு இருக்கிறது. அப்புறம் கண்ட்ரோலும் ஆர்-உம் சேர்த்து அடித்தால் பழைய வரிகளில் தேடும். எந்தக் கமாண்டுக்கும் முன்னால் மேன் போட்டால் அதன் கையேடு திறக்கும். வெளியே வர க்யூ.

அம்பை மாணவன் · திங்கள், காலை 7.15

அண்ணா, நான் 100 கமாண்ட் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் எதை எப்போது போட வேண்டும் என்று தெரியவில்லை. குறிப்பாக இந்த பைப். நெட்டுக்குத்தாக நிற்கிற அந்தக் கோடு. பரீட்சைக்கு எழுதுவேன், பயன்படுத்தியது இல்லை.

மறுகால்குறிச்சியான் · திங்கள், காலை 8.40

தம்பி, நீ அம்பாசமுத்திரம். குளத்தைப் பார்க்காமலா வளர்ந்திருப்பாய்?

ஒரு குளத்துக்கு மடை உண்டு, மறுகால் உண்டு. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மடை வழியாகப் போகும். நிரம்பி மிஞ்சியது மறுகால் வழியாகப் போகும். லினக்ஸில் ஒவ்வொரு கமாண்டும் ஒரு குளம் என்று வைத்துக்கொள். கேட்ட பதில் மடையில் வரும். "ஃபைலைக் காணோம்", "அனுமதி இல்லை" மாதிரிப் புலம்பல் எல்லாம் மறுகாலில் வரும். இரண்டும் திரையில்தான் வந்து விழுகிறது என்பதால் ஒன்று போலத் தெரிகிறது. பைப் போட்டால் மடைத் தண்ணீர் மட்டும் அடுத்த குளத்துக்குப் போகும். மறுகால் தண்ணீர் போகாது, திரையிலேயே விழும். அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றால் 2>&1 என்று எழுது. 2 என்பது மறுகால், 1 என்பது மடை.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே மறுகால் இருக்கிறது, அதனால் எனக்கு இது சுலபமாக ஏறியது.

இப்போது ஒரு வேலை. டீச்சர் நிலையத்தில் சேர்ந்தவர்களின் ஊரை ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கிறார் என்று வை. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர்? முதலில் வரிகளை அகரவரிசையில் அடுக்கும் சார்ட். அதன் மடையிலிருந்து, ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யூனிக், ஹைஃபன் சி. அதிலிருந்து மறுபடி சார்ட், ஹைஃபன் ஆர்என். மேலப்பாளையம் 31, தச்சநல்லூர் 18 என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கி வரும். முதல் சார்ட்டை விட்டுவிட்டு ஓட்டிப் பார். கணக்கு தப்பாக வரும். யூனிக்குக்கு அடுத்தடுத்து இருக்கிற ஒரே மாதிரி வரிகளை மட்டும்தான் எண்ணத் தெரியும். மேலப்பாளையம், தச்சநல்லூர், மேலப்பாளையம் என்று கிடந்தால் மேலப்பாளையம் இரண்டு முறை தனித்தனியாக வரும். இதை ஒருமுறை தப்பாகச் செய்து பார்த்தவன் மறக்க மாட்டான்.

இந்தப் பைப் யோசனை டக் மெக்கில்ராயுடையது. 1964-இலேயே, தோட்டத்து ஹோஸைத் திருகி இணைப்பது போல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று எழுதிவைத்தார். கென் தாம்சன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தது 1973-இல். அவர்களுக்கு ஹோஸ், நமக்குக் கால்வாய்.

களக்காடு வாத்தியார் · திங்கள், மாலை 5.50

மறுகாலை வைத்துச் சொன்னதை வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன், கேட்காமலே.

ஒரு பழைய கதை. 2011-இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படம் பார்க்க விண்டோஸ், அவ்வளவுதான். நானும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. இன்று உபுண்டு, மின்ட் என்று பேசுகிற அத்தனையும் அதே டெபியன் குடும்பம், மென்பொருள் நிறுவ அதே ஆப்ட் கமாண்ட். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இன்றைக்குப் பாதி வேலை மிச்சம்.

கொக்கிரகுளம் தட்டச்சு · வியாழன், இரவு 8.45

நோட்டில் நாலு பக்கம் ஆகிவிட்டது. இரண்டு, மூன்று மெஷின் முடிந்தது. மூன்றாவது இரண்டரை மணி நேரம்தான்.

எனக்குப் பிடித்துப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் அதில் தமிழ்99 மட்டும் இல்லை, பழைய தட்டச்சு லேஅவுட்டும் இருக்கிறது. டைப்ரைட்டரில் விரல் பழகிய என் பிள்ளைகள் நேராக வந்து உட்கார்ந்து அடிக்கிறார்கள். இதற்காகத்தான் இத்தனை வருசம் காசு கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

டிடிஒய் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. தட்டினால் நாம் எந்த டெர்மினலில் இருக்கிறோம் என்று சொல்கிறது. பெயர் எதற்கு இப்படி என்று தேடிப் பார்த்தேன். டெலிடைப்ரைட்டர்! அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரோடு பேசியதே ஒரு தட்டச்சு மெஷின் வழியாகத்தானாம். தாளில் அடிக்கும், பதிலும் தாளில் வரும். அப்படியென்றால் இது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். பயம் பாதி போய்விட்டது.

இன்று ராத்திரி ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறேன்.

மறுகால்குறிச்சியான் · வியாழன், இரவு 9.15

நல்லது டீச்சர். முதல் வரியில் ஹேஷ், ஆச்சரியக்குறி, அதை ஒட்டி பேஷ் இருக்கிற பாதை. எந்த ஷெல், அதாவது கமாண்டைப் படித்து நடத்துகிற நிரல், இதைப் படிக்க வேண்டும் என்று அது சொல்லும். பேஷ் 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது, அதற்கு முன்னால் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல்லுக்கு மாற்றாக. பெயரே அதை வைத்து ஒரு சிலேடை: போர்ன் அகெய்ன் ஷெல், மறுபிறவி எடுத்த ஷெல்.

இரண்டாம் வரியில் செட், ஹைஃபன் இயூ. இ போட்டால் ஒரு கமாண்ட் தோற்றதும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். யூ போட்டால் மதிப்பே கொடுக்காத மாறியைப் பயன்படுத்தினால் நின்றுவிடும்.

அம்பை மாணவன் · வியாழன், இரவு 9.40

அந்த யூ-வை நான் போடவில்லை. அதனால் ஒரு லேப்டாப் போனது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் டீச்சருக்கு ஆகட்டும் என்று சொல்கிறேன்.

பழைய தற்காலிக ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மேலே ஒரு மாறியில் ஃபோல்டர் பெயரை வைத்தேன். கீழே அழிக்கிற கமாண்டான ஆர்எம், ஹைஃபன் ஆர்எஃப், பிறகு டாலர் மாறி, சாய்கோடு, நட்சத்திரம். மாறியின் பெயரில் கீழே ஓர் எழுத்து தப்பு. அப்படி ஒரு மாறியே இல்லை என்பதால் பேஷ் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டது. மிஞ்சியது என்ன? சாய்கோடு, நட்சத்திரம். சுடோவோடு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினேன். சாய்கோடு என்பது எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கிற மூல ஃபோல்டர், அதில் இருக்கிற எல்லாவற்றையும் அழி என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆனது. ஐகான் ஒவ்வொன்றாக மறையும்போதுதான் கண்ட்ரோல் சி அடித்தேன். அதற்குள் செமஸ்டர் ப்ராஜெக்ட் போயிருந்தது.

வெறும் சாய்கோட்டை அழிக்கச் சொன்னால் ஆர்எம் மறுத்துவிடும், அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. பின்னால் நட்சத்திரம் வந்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. நட்சத்திரத்தை ஷெல்லே விரித்து, ஒவ்வொரு ஃபோல்டராகப் பெயர் சொல்லி ஆர்எம்மிடம் கொடுத்துவிடுகிறது. இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது.

பேட்டை ஹார்டுவேர் · வியாழன், இரவு 9.52

ஏலே, பேக்கப் எடுக்கலியா?

அம்பை மாணவன் · வியாழன், இரவு 9.53

இல்லை அண்ணாச்சி.

தென்காசிக்காரி · வெள்ளி, காலை 6.30

தம்பி, அழிக்கிற வரி எதுவாக இருந்தாலும் முதலில் ஆர்எம் இருக்கிற இடத்தில் எக்கோ போட்டு ஒருமுறை ஓட்டிப் பார். எதை அழிக்கப் போகிறது என்று அச்சடித்துக் காட்டும், அழிக்காது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போனது. ஷெல்செக் என்று ஒரு இலவசக் கருவியும் இருக்கிறது. ஸ்கிரிப்டைக் கொடுத்தால் வரி வரியாகத் தப்புச் சொல்லும். தம்பியின் அந்த வரியைக் கொடுத்துப் பார்த்தேன், இது வேரோடு போகும் என்று எச்சரிக்கிறது.

டீச்சருக்கு ஒரு கேள்வி. எட்டு மெஷின் என்றால் ஏன் ஆன்சிபிள் பயன்படுத்தக் கூடாது? ஒரு மெஷினில் உட்கார்ந்துகொண்டு எஸ்எஸ்ஹெச் வழியாக மற்ற ஏழையும் அமைக்கலாம்.

மறுகால்குறிச்சியான் · வெள்ளி, காலை 9.05

ஆன்சிபிள் நல்ல கருவி, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் டீச்சருக்கு இப்போது வேண்டாம். ஏதாவது தப்பாகப் போனால் அது உள்ளே எந்தக் கமாண்டை ஓட்டியது என்று புரிய வேண்டும். அதற்கு ஷெல் தெரிய வேண்டும். எட்டு மெஷினுக்கு 50 வரி ஸ்கிரிப்ட் தாராளம். மெஷின் எண்பதாகட்டும், பார்க்கலாம்.

கொக்கிரகுளம் தட்டச்சு · சனி, இரவு 10.15

நாலாவது மெஷினில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஓடவில்லை. வீட்டில் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் நோட்பேடில் அடித்து, பென்டிரைவில் எடுத்துப் போனேன். டெர்மினலில் பேஷ் போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தேன். பிழைச் செய்தி வந்தது, ஆனால் அதைப் படிக்கவே முடியவில்லை. வரியின் முன்பாதியை யாரோ பின்பாதியால் அடித்து மறைத்த மாதிரி இருந்தது. முக்காற்புள்ளி முதல் எழுத்தாக நிற்கிறது, பிறகு இன்வேலிட் ஆப்ஷன், அப்புறம் ஏதோ ஒட்டுப்போட்ட எழுத்துகள். கீழே டாலர், மேற்கோளுக்குள் பின்சாய்கோடு ஆர், கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்று நாலைந்து வரி.

அந்த முதல் வரியைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் இதைத்தான் செய்வார்கள். டைப்ரைட்டரில் தாளோடு நகர்கிற மேல்பகுதியான கேரேஜைத் தள்ளிவிடுவார்கள், தாள் ஏறாது, அடித்த வரி மேலேயே அடிப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் எப்படி?

மறுகால்குறிச்சியான் · சனி, இரவு 10.40

டீச்சர், நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஆர், கேரேஜ் ரிட்டர்ன்.

உங்கள் டைப்ரைட்டரில் இடது பக்க லீவரைத் தள்ளினால் இரண்டு காரியம் நடக்கும். தாள் ஒரு வரி ஏறும், கேரேஜ் வரித் தொடக்கத்துக்கு வரும். டெலிடைப்பில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனிக் குறியீடு. விண்டோஸ் இன்றுவரை ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. யூனிக்ஸ்காரர்கள் ஒன்றே போதும் என்று வரி ஏற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நோட்பேடில் அடித்த உங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரி கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேஷ் அதையும் கமாண்டின் எழுத்து என்று நினைக்கிறது. இயூ என்று நீங்கள் எழுதியது அதற்கு இயூ-வும் இன்னொரு எழுத்தும். அப்படி ஒரு ஆப்ஷன் கிடையாது என்கிறது. அந்தச் செய்தியை அச்சடிக்கும்போது நடுவில் கேரேஜ் ரிட்டர்ன் வருவதால் திரை நிஜமாகவே வரித் தொடக்கத்துக்குப் போய், மேலேயே அடிக்கிறது. உங்கள் மாணவி செய்வதேதான்.

டாஸ்2யூனிக்ஸ் என்ற கமாண்டை நிறுவி, ஃபைல் பெயரைக் கொடுங்கள். உதிர்ந்துவிடும். இனிமேல் ஸ்கிரிப்டை லினக்ஸ் மெஷினிலேயே எழுதுங்கள். வாட்ஸாப் வழியாகவோ ஃபோன் குறிப்பு ஆப் வழியாகவோ அனுப்பவும் வேண்டாம். நேர் மேற்கோளைச் சுருள் மேற்கோளாக மாற்றிவிடுகிற கீபோர்டுகள் இருக்கின்றன. அது இன்னொரு ராத்திரியைத் தின்னும்.

கொக்கிரகுளம் தட்டச்சு · ஞாயிறு, பகல் 1.20

ஓடியது! பாதி வரை.

நடுவில் பூட்டு கிடைக்கவில்லை என்று நின்றது. மெஷின் எழும்பியதும் அப்டேட் மேனேஜர் பின்னால் வேலை செய்துகொண்டிருந்ததாம். ஒரு பக்கத்தில் அந்த லாக் ஃபைலை அழித்துவிடு என்று எழுதியிருந்தது. தம்பியின் லேப்டாப் ஞாபகம் வந்தது, தொடவில்லை. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். இப்போது மாணவர் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருக்கிற எதுவும் நடக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு மூன்றாம் தடவை ஓட்டினேன். முடிந்தது. ஆனால் ஐபஸுக்காகச் சேர்க்கச் சொன்ன மூன்று வரி, அந்த ஃபைலில் ஒன்பது வரியாக இருக்கிறது.

மறுகால்குறிச்சியான் · ஞாயிறு, பகல் 2.10

லாக் ஃபைலை அழிக்காததற்கு உங்களுக்கு அல்வா வாங்கித் தர வேண்டும். நடுவில் அழித்தால் பேக்கேஜ் பட்டியலே குழம்பிப் போகலாம்.

இப்போதுதான் விஷயத்துக்கே வந்திருக்கிறீர்கள். ஒரு தடவை ஓடுகிற ஸ்கிரிப்ட் யாரும் எழுதலாம். இரண்டாம் தடவை ஓட்டினாலும் கெடுதல் செய்யாத ஸ்கிரிப்டுதான் வேண்டும். ஏனென்றால் கரண்ட் போகும், நெட் போகும், பாதியில் நிற்கும், மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

"இதைச் செய்" என்று எழுதியிருக்கிற இடத்தில் "இது இல்லையென்றால் செய்" என்று மாற்றுங்கள். கணக்கு உருவாக்கும் வரிக்கு முன்னால் ஐடி கமாண்டால் அந்தப் பெயரைக் கேளுங்கள். இருந்தால் தாண்டிப் போ, இல்லையென்றால் உருவாக்கு. நடுவில் இரண்டு நெட்டுக்கோடு || போட்டால் "முதலாவது தோற்றால் இரண்டாவதைச் செய்" என்று அர்த்தம். ஃபோல்டர் உருவாக்க எம்கேடிர், ஹைஃபன் பி. ஏற்கெனவே இருந்தால் பேசாமல் போய்விடும். அந்த ஒன்பது வரி >> போட்டதால் வந்தது, அது ஓடும்போதெல்லாம் கடைசியில் ஒட்டும். முதலில் கிரெப், ஹைஃபன் க்யூ போட்டு அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த மூன்று வரியைத் தனி ஃபைலில் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒற்றை > போட்டு முழுசாக எழுதிவிடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

இன்னும் ஒன்று. ஆப்ட் என்று எழுதியிருந்தால் ஸ்கிரிப்டுக்குள் ஆப்ட்-கெட் என்று மாற்றுங்கள். ஆப்ட் மனிதர்கள் பார்ப்பதற்கு, அதன் வெளியீடு மாறலாம் என்று அதுவே எச்சரிக்கும். ஹைஃபன் ஒய் போட மறந்தால் "தொடரலாமா?" என்று கேட்டுக்கொண்டு விடிய விடியக் காத்திருக்கும்.

தென்காசிக்காரி · ஞாயிறு, பகல் 2.45

கீபோர்டு தேர்வை எப்படிச் செய்தீர்கள் டீச்சர்? அது பயனர் கணக்குக்குள் இருக்கிற அமைப்பு. சுடோவில் ஓடுகிற ஸ்கிரிப்ட் அதை ரூட் என்கிற நிர்வாகி கணக்கில் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கும், மாணவர் கணக்கில் ஒன்றும் நடக்காது. எனக்கு அங்கே ஒரு நாள் போனது.

கொக்கிரகுளம் தட்டச்சு · ஞாயிறு, மாலை 4.00

எனக்கும் அதேதான் ஆனது. எட்க் என்ற ஃபோல்டருக்குள் ஸ்கெல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, புதுக் கணக்கு உருவாகும்போது அதில் இருப்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் நகல் ஆகும் என்று படித்தேன். ஒரு மாதிரிக் கணக்கில் எல்லாம் சரியாக அமைத்து, அதன் அமைப்பு ஃபைல்களை ஸ்கெல்லில் போட்டுவிட்டு, பிறகு மாணவர் கணக்கை உருவாக்கச் சொன்னேன். வந்துவிட்டது. வரிசை முக்கியம், முதலில் ஸ்கெல், அப்புறம் கணக்கு.

பிரிண்டரை ஸ்கிரிப்டில் சேர்க்கவில்லை. ஒரே ஒரு பிரிண்டர், அதன் டிரைவர் ஒரு தனிக் கூத்து. அதைக் கையால் செய்துகொள்கிறேன்.

நெட்தான் பிரச்சினை. ஒவ்வொரு மெஷினும் அதே ஃபைல்களை மறுபடி மறுபடி இறக்குகிறது. மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துபோகிறது.

மறுகால்குறிச்சியான் · ஞாயிறு, மாலை 4.35

முதல் மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். 3142 என்ற போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற மெஷின்களில் ஆப்ட் இதன் வழியாகக் கேட்கும்படி ஒரு வரி ஃபைல் எழுதினால் போதும், அதையும் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே வையுங்கள். ஒரு பேக்கேஜ் ஒருமுறை இறங்கினால் அடுத்த மெஷின் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளும். ஊருக்குள் வந்த தண்ணீரை ஒரு குளத்தில் தேக்கிக்கொள்கிற மாதிரி.

பேட்டை ஹார்டுவேர் · ஞாயிறு, மாலை 4.50

எல்லாத்துக்கும் குளந்தானா வே உமக்கு.

கொக்கிரகுளம் தட்டச்சு · செவ்வாய், இரவு 7.30

எட்டில் ஏழு முடிந்தது. கடைசி மெஷின் 25 நிமிடம். ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு நான் ஒரு பேட்ச்சுக்குப் பாடம் எடுத்து முடித்தேன். முடிந்த பிறகு வேண்டுமென்றே இன்னொரு தடவை ஓட்டினேன், எதுவும் இரட்டிக்கவில்லை.

ஐந்தாவது மட்டும் படுத்துகிறது. காலையில் எழுப்பியதும் ஸ்கிரிப்டை ஓட்டினால், ஆப்ட்-கெட் அப்டேட்டிலேயே நிற்கிறது. ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இத்தனை நாள் பொறு என்கிற மாதிரி ஒரு செய்தி. பத்து நிமிடம் கழித்து ஓட்டினால் ஒழுங்காகப் போகிறது. அடுத்த நாள் காலையில் மறுபடி அதே கதை. மற்ற ஏழும் அதே ஸ்கிரிப்ட், அதே நெட்.

அம்பை மாணவன் · செவ்வாய், இரவு 7.48

கேச்சரில் பழைய ஃபைல் தங்கியிருக்குமோ? அதை ஒருமுறை காலி செய்து பாருங்கள்.

தென்காசிக்காரி · செவ்வாய், இரவு 8.05

கேச்சர் என்றால் மற்ற ஏழிலும் வர வேண்டுமே. காலையில் எழுப்பியதும் டேட் என்று தட்டி என்ன வருகிறது என்று பாருங்கள் டீச்சர்.

கொக்கிரகுளம் தட்டச்சு · புதன், காலை 9.20

பல மாதம் பின்னால் காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே இன்றைய தேதிக்கு வந்துவிடுகிறது.

மறுகால்குறிச்சியான் · புதன், காலை 9.41

அப்படியானால் நெட் வழியாக நேரம் ஒத்துப்போகிற வரைக்கும்தான் பிரச்சினை. ஸ்கிரிப்டில் அப்டேட் வரிக்கு முன்னால், நேரம் ஒத்துப்போனதா என்று டைம்டேட்சிடிஎல்-இடம் கேட்டுக் காத்திருக்கும் ஒரு சுற்று சேர்க்கலாம். எழுதித் தருகிறேன்.

பேட்டை ஹார்டுவேர் · புதன், காலை 9.44

சுத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மதர்போர்டுல இருக்க பட்டன் பேட்டரி செத்துப் போச்சு. ராத்திரி சுவிட்சை ஆஃப் பண்ணுனா கடிகாரம் நிக்கும். டீச்சர், சாயந்தரம் அந்த மெஷினைத் தூக்கிட்டு கடைக்கு வாங்க, ரெண்டு நிமிசத்துல மாத்தித் தாரேன். அதுக்கு எந்த ஸ்கிரிப்டும் கிடையாது.

மறுகால்குறிச்சியான் · புதன், காலை 9.50

அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் டீச்சர்.

கொக்கிரகுளம் தட்டச்சு · புதன், காலை 10.02

சரி, ஆறு மணிக்கு வருகிறேன் அண்ணாச்சி. நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: "ஐந்தாம் மெஷின், பேட்டரி, பேட்டை."